கிளீட்டஸின் வலது கை

தாழைத்துறை கிளீட்டஸ் தன் வலது கையை வானத்துக்குத் தூக்கியது ஆழ்கடலில், இஞ்சின் நின்று, வயர்லஸ் நனைந்து ஊமையாகி, குடிதண்ணீர் டிரம்மின் அடியில் துரு வாசம் எழும்பத் தொடங்கிய ஒரு காலையில். அந்தக் கையில் இருந்தது கத்தாரில் வேலை பார்க்கும் மச்சினன் கொடுத்தனுப்பிய போன். டவர் எட்டாத இடத்திலும் ஆபத்தென்றால் அது நேராக வானத்துச் செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும் என்று மச்சினன் சொன்னதைப் படகில் இருந்த யாரும் நம்பியிருக்கவில்லை. வேறு எதையும் நம்ப வழியில்லாமல் போனபிறகுதான் அதை வெளியே எடுத்தார்கள். போன் கேள்வி கேட்டது. என்ன ஆபத்து, எத்தனை பேர், யாருக்காவது காயமா, தண்ணீர் இருக்கிறதா. கிளீட்டஸ் பெருவிரலால் பதில்களைத் தட்டினான். பிறகு அது, செயற்கைக்கோளைப் பார்த்துப் பிடி என்றது. இடப்பக்கம் திரும்பு என்றது. இன்னும் கொஞ்சம் என்றது. அப்படியே இரு, கையை எடுக்காதே என்றது.

கிளீட்டஸ் சொன்னதைச் செய்கிறவன். கையை எடுக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி மறுபக்கம் சரிந்தபோதும், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டபோதும், கூட இருந்தவர்கள் மாறிமாறி அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவன் அந்தக் கையை அப்படியே வைத்திருந்தான். கடைசியில் ஒரு சரக்குக் கப்பல் வந்து கயிற்றேணியை இறக்கியது. ஏறும்போது போன் நழுவித் தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் ஐயோ என்றார்கள். கை மட்டும், போன் இல்லாமலே, மேலே போய் நின்றது.

அதன்பிறகு அது இறங்கவில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள், இரண்டு ஆட்கள் தொங்கிப் பார்த்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, வலியும் இல்லை. ஊர் திரும்பிய சில நாளில் அவன் மனைவி லீமா றோஸ்தான் கண்டுபிடித்தாள், கை சும்மா நிற்கவில்லை, நகர்கிறது என்று. வடமேற்கில் தென்னந்தோப்புக்கு மேலிருந்து தொடங்கி, உச்சியைக் கடந்து, தென்கிழக்கில் கடலுக்குள் இறங்கும் ஏதோ ஒன்றை அது பார்த்துக்கொண்டே போகும். அது மறைந்ததும் சட்டென்று திரும்பி, அடுத்து வருவதைப் பிடித்துக்கொள்ளும். வானத்தை மறைத்தால் மட்டும் அதற்குப் பிடிக்காது. வீட்டுக்குள் உட்கார்ந்தால் விரல்கள் கூரை ஓடுகளைப் பிறாண்டும். லீமா கூரையில் நான்கு ஓடுகளை எடுத்தாள். மழைக்குத் தார்ப்பாய் கட்டி, அதில் கை போகிற அளவுக்கு ஒரு துளை வெட்டினாள். அவன் சட்டைகளின் வலது தோளைப் பிரித்து நாடா வைத்துத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பிரசங்கத்தின் நடுவே அவன் கையைப் பார்த்த புதுச் சாமியார், "கேளுங்க, என்ன சந்தேகம்?" என்று நிறுத்தினார். பிறகு அவரும் பழகிக்கொண்டார். காக்கைகள் அவன் விரல்களில் உட்காரப் பழகின. பிள்ளைகள் அவன் முழங்கையில் பட்டக்கயிற்றைக் கட்டிவிட்டு விளையாடப் போனார்கள்.

கையில் முதல் எழுத்து வந்தது ஒரு வியாழக்கிழமை. கிளீட்டஸ் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். முன்கையில் அரிப்பதாகச் சொன்னான். லீமா மர ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். செந்தட்டிச் செடி பட்டதுபோலத் தோல் தடித்து, தடிப்பு ஒவ்வொன்றும் எழுத்தாகி நின்றது. "இஞ்சின் நின்னுபோச்சு. ஏழு பேரு. வள்ளத்துக்குள்ள தண்ணி கேறுது."

லீமா அதைச் சத்தமாக வாசித்தாள். அப்புறம், அந்தப் போன் தன் புருஷனிடம் என்னவெல்லாம் கேட்டது என்று அவன் வீட்டில் பலதடவை சொல்லிக் கேட்டிருந்ததால், ஆள்காட்டி விரலால் அவன் தோலிலேயே எழுதினாள்: "எங்க இருக்கீங்க?" தடிப்புகள் அடங்கின. புதியவை எழும்பின.

அன்றைக்குப் படகு இறக்கியது ஸ்டான்லி முதலாளி. தாழைத்துறையில் பெரிய விசைப்படகு அவருடையது. லீமா சொன்ன திசையை யாரும் நம்பித் தலையாட்டும் முன்பே அவர் டீசல் ஊற்றச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். மூழ்கிக்கொண்டிருந்த வள்ளத்திலிருந்து அதே ஊர் ததேயூஸையும் மற்ற ஆறு பேரையும் தூக்கி வந்தார்கள். ததேயூஸ் மணலில் முட்டிபோட்டு முதலாளியின் காலைப் பிடித்தான். அவர் அவனைத் தூக்கி நிறுத்தி, "காலப் பிடிக்காதலே, நனைஞ்சிருக்கு," என்றார்.

"நீ எப்பிடிலே சேதி விட்ட?" என்று ததேயூஸிடம் எல்லோரும் கேட்டார்கள்.

"என்ன செய்யணும்னு தெரியல்ல. கிளீட்டஸ் நெனவு வந்துது. வெறுங்கையத் தூக்கினேன். வாயால சொன்னேன். அவ்வளவுதான்."

அதிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஐஸ் ஏற்றுவது, அரிசி ஏற்றுவதுபோல, ஆபத்தென்றால் கையைத் தூக்குவதும் ஒரு காரியமாகிப்போனது. கை சாதாரணச் சேதி வாங்காது. மீன் பட்டதா, எப்போது வருவாய், பிள்ளைக்குப் பல் முளைத்தது என்பதெல்லாம் அதில் வராது. ஆபத்து மட்டும்தான் வரும். அதனால் தாழைத்துறைப் பெண்கள் விடியற்காலையில் தண்ணீர்க்குடத்தோடு லீமாவின் முற்றத்துக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, தோல் வெறுமையாக இருப்பதைக் கண்டு திரும்பினார்கள். "ஒண்ணும் இல்ல பிள்ளே," என்பாள் லீமா. அந்த ஒண்ணுமில்லையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதுபோல அவர்கள் நிதானமாகப் போவார்கள்.

ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். அனுமதியில்லாத கருவியை வைத்திருக்கக் கூடாது, ஒப்படையுங்கள் என்றார்கள். கருவி இதுதான் என்று லீமா காட்டினாள். அவர்கள் கையைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். தேங்காய்த்தண்ணீர் குடித்தார்கள், போனார்கள், திரும்பி வரவில்லை.

கையில் எழுத்து வரும்போதெல்லாம் ஸ்டான்லி முதலாளி வந்தார். சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து வந்தார். காய்ச்சலில் போர்த்திக்கொண்டு வந்தார். யாருடைய வள்ளம், எந்தக் கட்சி, கோயிலில் எந்த அன்பியக் குழு என்று கேட்டதில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவி பெனடிக்டாவுக்குத் தலைசுற்றல், வெளியே வருவது குறைவு. இந்தத் தடவை கொல்லத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், உடம்பு தேற நாளாகும் என்றார். அந்த மனுஷனுக்கு அந்தக் குறையையும் கொடுத்தானே கடவுள் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அன்று சனிக்கிழமை. சோளக்காற்று அடங்கி, கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. லீமா முற்றத்தில் சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"எடி, வருது," என்றான் கிளீட்டஸ்.

அவள் கையைக் கழுவிவிட்டு ஸ்டூலில் ஏறினாள். வழக்கத்தைவிட மெல்லிய எழுத்து. தோலுக்கு அடியிலிருந்து மேலே வரத் தயங்குவதுபோல இருந்தது.

"ஒரு ஆள்."

லீமா எழுதினாள்: "என்ன ஆபத்து?"

"கால் ஒடிஞ்சிருக்கு."

"தண்ணி உண்டா?"

"தீந்துபோச்சு."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

சேதி வீடு வீடாக ஓடியது. பெண்கள் வந்து நிறைந்தார்கள். தனியாக ஒரு ஆள் என்றால், மற்றவர்கள் எங்கே? கடலில் புருஷன் இருந்த ஒவ்வொருத்தியும் தன் படகை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ததேயூஸ் வலை பின்னிக்கொண்டிருந்தவன் ஊசியோடு ஓடி வந்தான். அதற்குள் ஸ்டான்லி முதலாளி சாவிக்கொத்தைக் கையில் குலுக்கியபடி முற்றத்துக்குள் நுழைந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் லீமா? டீசல் நிறைச்சுக் கிடக்கு. சொன்னா அந்தாலே போட்ட எடுத்திரலாம்."

"சொல்லல்ல முதலாளி. கேக்கேன்." அவள் எழுதினாள்: "அங்க என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. இருட்டு."

உச்சி வெயிலில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மீன் போடுற அறைக்குள்ள விழுந்து கிடக்கானோ," என்றான் ததேயூஸ். "பாவம்," என்றார் ஸ்டான்லி. "பயப்படாண்டாம்னு எழுது. ஆளு வருதுன்னு எழுது."

லீமா அதை எழுதினாள். பிறகு, "என்ன கேக்குது?" என்று எழுதினாள்.

பதில் வருவதற்கு முன் கோயிலில் மதிய மணி அடித்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஸ்டான்லியும் சாவிக்கொத்தை இடது கைக்கு மாற்றிச் சிலுவை போட்டார். மணி ஓய்ந்தது. தோல் தடித்தது.

"மணி."

"எந்த மணி?" லீமா அதை இரண்டு தடவை எழுதினாள்.

"நம்ம கோயில் மணி. இப்ப அடிச்சு நின்னுது."

மணி எட்டும் தூரத்துக் கடலில் ஒரு படகும் இல்லை. மணி எட்டும் இடத்தில் இருப்பது தாழைத்துறை மட்டும்தான். அப்போது, கப்பலில் ஏறிய நாளிலிருந்து ஒரு தடவைகூட வானத்தைவிட்டு விலகாத கை, இறங்கத் தொடங்கியது. கிளீட்டஸ் தன் தோளைப் பார்த்தான். அவன் ஒன்றும் செய்யவில்லை. கை உச்சியிலிருந்து தென்னந்தலைகளுக்கு வந்தது, தென்னந்தலைகளிலிருந்து கோபுரத்துச் சிலுவைக்கு வந்தது, சிலுவையிலிருந்து ஓட்டுக்கூரைகளுக்கு வந்து, கூட்டத்தின் தலைகளைத் தாண்டி, சந்துக்கு எதிரே நீல கேட் போட்ட மாடிவீட்டைக் காட்டி நின்றது.

கூட்டம் திரும்பியது. வீட்டைப் பார்த்தது. பிறகு ஸ்டான்லியைப் பார்த்தது.

"கையி கெட்டுப்போச்சு," என்றார் ஸ்டான்லி. முகத்தில் இன்னும் அந்தக் கவலை இருந்தது, கடலில் கிடக்கும் யாரோ ஒருவனுக்காக அவர் கொண்டுவந்த கவலை. "இவ்வளவு நாளு மேல நின்ன கையில்லியா. கெட்டுத்தான் போவும். நீ திரும்பக் கேளு லீமா. ஆளு சாகக் கிடக்கான், நேரத்தக் களையாத."

யாரும் அசையவில்லை. அந்தக் கூட்டத்தில் அவர் தூக்கி வந்த ஆண்கள் இருந்தார்கள், அவர் தூக்கி வந்தவர்களின் மனைவிகள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். நடுக்கடலில் யாரென்று தெரியாத ஒருவனுக்காக ஓடக்கூடிய கால்கள் எல்லாம், சந்து ஒன்றைத் தாண்ட முடியாமல் மணலில் புதைந்து நின்றன. கை கெட்டுப்போயிருக்கவேண்டும் என்று பலரும் அந்த நேரத்தில் உள்ளுக்குள் மன்றாடினார்கள்.

லீமா எழுதினாள்: "பேரு என்ன?"

பிறகு ஒவ்வொரு எழுத்தாக எழும்பியது. கடைசி எழுத்து எழும்புவதற்கு முன்பே அவள் வாசித்துவிட்டாள்.

"பெனடிக்டா."

யாரோ ஒருத்தி, "கொல்லத்துலயில்லா இருக்கா," என்றாள், தன்னிடமே கேட்பதுபோல.

லீமா கடைசியாக "வாறோம்" என்று எழுதிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கிளீட்டஸ் எழுந்தான். கை முன்னே நீண்டிருக்க, அது இழுத்த பக்கம் அவன் நடந்தான். அவள் பக்கத்தில் நடந்தாள். கொஞ்சம் இடைவெளி விட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஸ்டான்லி ஓடி முன்னால் போய் நீல கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"நான் இந்த ஊருக்கு என்ன கொற வச்சேன்? சொல்லுங்க. யாருக்காவது வரமாட்டேன்னு சொன்னேனா?"

அவர் அப்படிச் சொன்னதில்லை. அதுதான் அவர்களால் தாங்கமுடியாமல் இருந்தது. சில பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

ததேயூஸ் அவர் எதிரே போய் நின்றான். "முதலாளி, எனக்க உயிரு நீங்க தந்ததாக்கும். அதக்கொண்டுதான் நானே கேக்கேன். சாவியத் தாங்க."

ஸ்டான்லி சாவிக்கொத்தை நீட்டினார். "போட்டுச் சாவிதானே? எடுத்துக்க மக்களே. போங்க, எல்லாரும் போங்க, யாரு எங்க கிடந்தாலும் கொண்டுவாங்க."

"வீட்டுச் சாவி."

"எல்லாம் இதுலதான்," என்று சொல்லி முடித்தபிறகே தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் பட்டது. விரல்கள் மூடிக்கொண்டன. ததேயூஸ் அவற்றை, முள் பாய்ந்த கையைப் பிரிப்பதுபோல, நோகாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். அவர் தடுக்கவில்லை. கேட்டின் ஓரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

கை வீட்டுக்குள் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, கிணற்றைத் தாண்டி, பின்பக்கத்து வலைக்கொட்டகையின் தகரக்கதவில் போய் விரல்நுனிகளை வைத்தது. ததேயூஸ் பூட்டைத் திறந்தான். உள்ளே பழைய வலைகளின் மேல் பெனடிக்டா கிடந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்திருந்தது. ஒரு கையை மேலே தூக்கி வைத்திருந்தாள். கூரை ஷீட்டில் உடைந்த ஓர் இடத்தின் வழியாகக் காசளவு வானம் விழுந்து, அந்த உள்ளங்கையில் வெளிச்சமாக நின்றது.

பெண்கள் அவளைத் தூக்கினார்கள். எடையே இல்லை. கதவுக்கு வெளியே வந்து வெயில் முகத்தில் பட்டதும் அவள் கையை இறக்கினாள். அதே நொடியில் கிளீட்டஸின் கை அவளைவிட்டு விலகி மேலே போனது.

ஆம்புலன்ஸுக்கு அப்புறம் போலீஸ் வந்தது. அடித்துக் காலை ஒடித்ததையும் பூட்டி வைத்ததையும் ஸ்டான்லி மறுக்கவில்லை. ஜீப்பில் ஏறும் முன் நின்று, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "ராத்திரி யாராவது கூப்பிட்டா போட்ட யாரு எடுப்பா?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடு கேட்டார். கல்லெடுத்து எறிய வந்தவர்கள் கல்லோடு நின்றார்கள். அன்று பல வீடுகளில் உலை வைக்கவில்லை. முற்றத்தில் அறுபட்ட சாளையைப் பூனைகள் தின்று முடித்தன, யாரும் விரட்டவில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் சில ஆண்கள் லீமாவின் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் கையில் நைலான் கயிறு இருந்தது. கை கடலுக்கு உள்ளது, அது வானத்தைப் பார்க்கட்டும், ஊருக்குள் இறங்குவது முறையல்ல, குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், கடலில் கிடக்கிறவனுக்குக் கேட்கவேண்டிய நேரத்தில் அது அடுக்களைச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆவது என்றார்கள். இறங்காதபடி தென்னையோடு சேர்த்துக் கட்டிவிடலாம், அவனுக்கு நோகாமல் துணி சுற்றிக் கட்டலாம் என்றார்கள்.

"நான் ஒண்ணும் செய்யல்ல," என்றான் கிளீட்டஸ். "அது கேக்குற பக்கம் போவுது."

லீமா வாசலை மறிக்கவில்லை. "கயித்தக் கெட்டுங்க," என்றாள். "ஆனா ஒண்ணு. எந்த வீட்டப் பாக்காம இருக்கக் கெட்டுறீங்கன்னு சொல்லிட்டு, ஒவ்வொருத்தரா வந்து ஒவ்வொரு முடிச்சுப் போடுங்க."

கயிறு கைமாறியது. கயிற்றைப் பிடித்தவன் அடுத்தவனிடம் கொடுத்தான், அவன் அதற்கடுத்தவனிடம் கொடுத்தான். கடைசியாகக் கிடைத்தவன் அதைச் சுருட்டிக்கொண்டு, படகில் தேவைப்படும் என்று முணுமுணுத்தபடி போனான். அவர்கள் போனபிறகு, மதிலுக்கு அந்தப்புறம் அவ்வளவு நேரமும் நின்றிருந்த ஒருத்தி குடத்தை மாற்றி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "லீமாக்கா, வீட்டுக்குள்ள இருந்து தூக்கினாலும் வருமா?"

"வரும்."

அவள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

புதன்கிழமை லீமா கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். பெனடிக்டாவின் காலைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. லீமா கட்டிலோரம் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். பாதி குடித்ததும் பெனடிக்டா போதும் என்றாள்.

"உனக்கு எப்பிடி பிள்ளே தோணிச்சு, கையத் தூக்கணும்னு?"

"கிளீட்டஸ் அண்ணனப் பத்தித்தான் அவரு தெனமும் பேசுவாரு. கையில சேதி வந்தா எவ்வளவு சந்தோசமாப் போவாரு தெரியுமா." பெனடிக்டா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "பின்ன ஒருநாள் அந்த ஓட்டையில வானம் தெரிஞ்சுது."

"முந்தியே தூக்கியிருக்கப்பிடாதா, எனக்க பொன்னு? தண்ணி தீருறது வரைக்குமா கிடப்ப?"

பெனடிக்டா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற முகம்தான் இருந்தது.

"அது தூரத்துல உள்ளவங்களுக்குன்னு நெனச்சேன் அக்கா. கூப்பிட்டா கேக்காத தூரத்துல கிடக்குறவங்களுக்கு. நான் ஊருக்குள்ளதானே இருந்தேன். அதுனால வாயாலதான் கூப்பிட்டேன். தொண்டை அடைக்கிறது வரைக்கும் கூப்பிட்டேன்." உதட்டில் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கொட்டகைக்கும் உங்க அடுக்களைக்கும் எடையில ஒரு சந்துதானே உண்டு. உங்களுக்குக் கேக்கலியா?"

வார்டில் யாரோ ஒரு குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். டிராலி ஒன்று உருண்டு போனது. லீமா தூக்குச்சட்டியை மூடப்போனாள், மூடி பொருந்தவில்லை. அதைக் கீழே வைத்தாள்.

"கேட்டுது," என்றாள்.